சிவப்பு நம்முடையதாக இருக்கட்டும்

வாய் அகலத் திறந்துதான் இருக்கிறது, பேசத்தான் முடியாது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சையாம். பல்லைச் சுற்றிப் பச்சை ரப்பர் தாள் ஒன்றைப் பரப்பி, அதைச் சட்டத்தில் இழுத்து மாட்டி, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொங்கவிட்டு, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்த சுபேதார் முனிரத்தினத்தைத் தூண்டிலில் மாட்டிய மீனாகப் படுக்க வைத்துவிட்டாள் இந்தச் சின்னப் பெண். டாக்டரம்மா என்று சொல்ல வேண்டும், வேலூரில் நல்ல கைராசிக்காரி என்று பெயர். "தண்ணி தெறிக்கும் சார், கண்ணாடியைக் குடுங்க" என்று வாங்கி, வெளியே ஹாலில் உட்கார்ந்திருக்கும் என் மருமகள் யுவராணியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு டிவி, நோயாளி வலியை மறந்து பார்ப்பதற்காம். பார்க்க மட்டும்தான், கேட்க இல்லை, சத்தம் இருந்தால் அம்மணிக்குக் கை ஓடாதாம். எங்கள் வீட்டு டிவி முந்தாநாளே படுத்துவிட்டது, கேபிள் ரீசார்ஜ் முடிஞ்சிடுச்சு மாமா என்கிறாள் யுவராணி, நானே போய்க் கட்டிவிட்டு வருகிறேன் என்றால் கேபிள்காரர் ஊரில் இல்லை என்கிறாள், எல்லையில் சண்டை மூண்டிருக்கும் நேரம் பார்த்துத்தானா அவன் ஊருக்குப் போக வேண்டும். அதனால் இங்கே செய்திச் சேனல் ஓடுவதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அடியில் ஓடும் வரிகள் எல்லாம் புழு நெளிவதாகத்தான் இருக்கின்றன, வாசிக்கிற பெண்ணின் முகம்கூடக் கலங்கல். அப்புறம் அந்த மேப் வந்தது. ஒரு ஆறு, அதன் வளைவு, வளைவுக்கு மேலே இரண்டு மேடு. எழுத்து தெரியாவிட்டால் என்ன, அந்த வடிவத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். ஒட்டகத் திமில் என்று பட்டாளத்துப் பையன்கள் பெயர் வைத்த மலை. என் மகன் குணசீலன் இருப்பது அதன் உச்சியில். இரண்டு நாளாக எனக்கு அவனிடமிருந்து போன் இல்லை. மலையின் பாதி சிவப்பாக இருந்தது.

சிவப்பு என்றால் எதிரி, நீலம் என்றால் நாம். இதை நான் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பசித்தால் வயிறு என்று தெரிவதைப்போலத்தான். பட்டாளத்தில் இருந்த வரைக்கும் என் வேலையே அதுதான். யூனிட்டின் ஆபரேஷன் ரூமில் மேப்புக்கு மேல் கண்ணாடித்தாள் விரித்து, மெழுகு பென்சிலால் யார் எங்கே என்று குறிப்பேன், நம் ஆட்கள் நீலம், அவன் ஆட்கள் சிவப்பு. துடைக்கத் துணி ஒன்று தோளில் கிடக்கும். புது ஆபீசர் ஒருவர் அவசரத்தில் நம் கம்பெனியைச் சிவப்பில் வட்டமிட்டபோது, "சாப், நம்ம ஆளுங்க மேலயே குண்டு போடச் சொல்றீங்களா" என்று கேட்டே விட்டேன், அந்த மனிதர் காது வரைக்கும் வெளுத்துப் போனார். நிறத்தில் விளையாட்டுக் கிடையாது. நிறம் தப்பினால் பீரங்கி தப்பும். ஆனால் கர்னல் ஒருமுறை சொன்னதும் ஞாபகம் வருகிறது, எல்லா தேசத்திலும் இப்படி இல்லை முனிரத்தினம், தங்களைச் சிவப்பாகவும் எதிரியை நீலமாகவும் போடுகிற பட்டாளங்களும் உண்டு. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் ஒரு அறையில், என்னைப்போல ஒரு தொப்பைக்காரன், தோளில் துணியோடு, தன்னைச் சிவப்பு என்று நம்பிக்கொண்டு நின்றிருப்பான், அவனுக்கும் பல்வலி வந்திருக்கும், அவனுக்கும் மகன் இருப்பான். இருக்கட்டும். அவன் மகன் எக்கேடோ கெடட்டும், என் மகன் எங்கே? பாதி மலை சிவப்பு என்றால் மீதிப் பாதியில் நீலம் இருக்கிறது. நீலத்தில் இருக்கிறான். மேற்குத் திமிலா கிழக்குத் திமிலா, எதில் என்று சொன்னான்? "மேல இருக்கோம்பா, குளிர் தாங்கல" என்று மட்டும்தான் சொன்னான், மேலே என்றால் இரண்டும்தானே மேலே. அதட்டிக் கேட்டிருக்கலாம். அவன் நான் அதட்டினால் சொல்ல மாட்டான், சும்மா விட்டாலும் சொல்ல மாட்டான், அம்மாக்காரி மல்லிகாவிடம்தான் வாய் திறப்பான், இல்லையென்றால் பெண்டாட்டியிடம்.

வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். தூக்கினேன். டிவி சத்தத்தைக் கொஞ்சம் வையுங்கள் தாயே என்று அர்த்தம். "வலிக்குதா சார்? இன்னும் கொஞ்சம் மரத்துக்கலாம்" என்றாள். இல்லை இல்லை என்று தலையாட்டப் போனால் ரப்பர் இழுக்கிறது, "அசையாதீங்க, ஊசி குத்திடும்" என்கிறாள், அதற்குள் ஈறில் குத்தியே விட்டாள். கன்னம் ஏற்கெனவே மரக்கட்டை, இப்போது நாக்கும் போயிற்று, வாய்க்குள் யாருடைய நாக்கோ கிடக்கிறது. ஊமை கண்ட கனவு என்பார்கள், நான் இப்போது முழு ஊமை. எதிரிக்குக் கூப்பிடு தூரத்தில் பதுங்கிக் கிடக்கும்போது நாங்களும் ஊமைதான், வயர்லெஸ்ஸில் ஒரு சொல் பேச மாட்டோம், யூனிட்டிலிருந்து கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டு செட்டின் பொத்தானை இரண்டு தரம் அழுத்துவோம், டக் டக், அவ்வளவுதான், கேட்டது, சரி என்று அர்த்தம். பட்டாளத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் அது புரியும். நாற்காலியின் கையில் இரண்டு தரம் தட்டினேன். "டென்ஷன் ஆகாதீங்க சார், பாதி முடிஞ்சிடுச்சு" என்றாள் டாக்டரம்மா. பாதி முடிந்தது எனக்கும் தெரிகிறது. டிவியில் சிவப்பு மேற்குத் திமிலின் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கிறது.

பொறு, முனிரத்தினம், அவசரப்படாதே. டிவிக்காரனுக்குப் பட்டாளத்து முறை தெரியுமா என்ன? தெரியாது. இதே சேனல்காரன், போன மாதம் சின்னதாக ஒரு கைகலப்பு நடந்தபோது, நம் ஆட்களைச் சிவப்பிலும் அவன் ஆட்களை நீலத்திலும் போட்டுக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியென்றால் இப்போது சிவப்பாக ஏறுவது நம் ஆட்கள். ஒட்டகத் திமில் முழுக்க நம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. மடப்பயல்கள், வாழ்க, ஒரு கழுதைக்கும் விவரம் தெரியாத ஊரில் நான் பிழைத்தேன். இப்படி நினைத்து ஒரு மூச்சு விட்டேன், விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஏனென்றால் போன மாதம் நான் சும்மா இருக்கவில்லை. போன் பண்ணினேன். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு மாற்றி, அவன் வேறொருத்தனுக்கு மாற்றி, நடுவில் பாட்டு போட்டு, கடைசியில் மேப் வரைகிற இடத்தில் ஒரு பெண் எடுத்தாள். உங்கள் வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருக்கிறார்களா, நம்மைச் சிவப்பில் போடுகிறீர்களே வெட்கமாக இல்லையா, நீலம் நாம், சிவப்பு எதிரி, எழுதிக்கொள் என்று கத்தினேன். அவள் பாவம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நோட் பண்ணிக்கிட்டேன் சார், இனிமே மாத்திடறோம்" என்றாள். வீட்டில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். "மாமா, நீங்க சொன்னா அவங்க மாத்திடுவாங்களா" என்று யுவராணி சிரித்தாள், மாற்றுவார்கள், சுபேதார் சொன்னால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மீசையைத் தடவினேன். மாற்றினாளா? மாற்றியிருந்தால் சிவப்பு எதிரி. மாற்றாமல் போனை வைத்ததும் என்னைக் கிண்டலடித்துவிட்டு மறந்திருந்தால் சிவப்பு நாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இப்போது அந்த மேப் தப்பு என்றாவது நிச்சயமாகத் தெரிந்திருக்கும், தப்பு நிச்சயமாக இருந்தால் அதைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம். இப்போது நிச்சயம் என்று எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் குரலை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். பொறுப்பான குரலா, சலித்த குரலா? நல்ல பெண்ணாகத்தான் பட்டது. நல்ல பெண்ணாக இருந்து தொலைக்காதே அம்மா.

இந்த நிறப் பைத்தியத்தால் நான் பட்டது ஒன்றா இரண்டா. குணசீலன் கல்யாணத்துக்கு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை நான்தான் தாளில் வரைந்தேன், யார் எந்தப் பந்தியில், எந்த வாசல் வழியாக என்று, பரிமாறுகிறவர்கள் முட்டிக்கொள்ளக் கூடாதே. எங்கள் சனம் நீலம், பெண் வீட்டுச் சனம் சிவப்பு. கை பழக்கம், வேறு ஒன்றும் மனதில் இல்லை. யுவராணியின் அப்பா ஆம்பூரில் தோல் கம்பெனி சூப்பர்வைசர், தாளை வாங்கிப் பார்த்து, "எங்களுக்கு மங்களகரமா செவப்பு போட்டுட்டீங்களே சம்மந்தி" என்று பூரித்துப் போனார். அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் அவருக்கு விளக்கம் சொன்னேன். மனிதர் தாளை நாலாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தார், அவரை உட்கார வைக்க எங்கள் தெரு முழுக்கக் கெஞ்ச வேண்டியிருந்தது, மல்லிகா என்னிடம் முகம் கொடுத்துப் பேச வெகு நாளாயிற்று. யுவராணி மட்டும் அதைச் சிரிப்பாக்கிவிட்டாள். இன்றைக்கும் சோறு போடும்போது, "எதிரி முகாம்லேர்ந்து ஒரு கரண்டி கொழம்பு ஊத்தட்டுமா மாமா" என்பாள். அந்தப் பெண்தான் இன்றைக்குக் காலையில், பல்லை ஏன் தள்ளிப்போடறீங்க, இன்னைக்கே போயிடலாம் என்று பிடிவாதமாக ஆட்டோ கூப்பிட்டாள். புருஷன் இரண்டு நாளாகப் பேசவில்லை, அவளுக்குக் கவலை இல்லையா? காலையில் முகம் கழுவியதுபோல இருந்தது, அழுத முகமா என்று பார்த்தேன், தெரியவில்லை. மல்லிகாவுக்கு மேப் கிடையாது, நியூஸ் கிடையாது, சாமி விளக்கு மட்டும்தான், அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லலாம், வாயில் வார்த்தை வராது என்பதால் தைரியமாகச் சொல்லலாம், எனக்குப் பயமாக இருக்கிறது.

டிவியைக் கையால் காட்டினேன். உதவிக்கு நிற்கும் நர்சுப் பெண் புரிந்துகொண்ட முகத்தோடு ரிமோட்டை எடுத்தாள். அப்பாடா, சத்தம் வைக்கப் போகிறாள். சேனலை மாற்றினாள். ஒரு அம்மாள் வாணலியில் மிளகாய்த்தூளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். "சமையல் புடிக்கலையா ஐயாவுக்கு" என்று இன்னொன்றை மாற்றினாள், பாட்டு, அப்புறம் இன்னொன்று, யானைக் குட்டி ஒன்று சேற்றில் புரண்டது. "சார், ப்ளீஸ், கையை ஆட்டாதீங்க, நான் பல்லு உள்ள ஃபைல் ஊசி விட்டிருக்கேன்" என்று டாக்டரம்மாவுக்குக் குரல் ஏறியது. பைத்தியக்காரிகளா, அங்கே என் பிள்ளை இருக்கிறான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, எனக்கே அது மாட்டுச் சத்தமாகக் கேட்டது. நர்சுப் பெண் பயந்துபோய்ப் பழைய சேனலுக்கே திருப்பினாள். நகைக்கடை விளம்பரம். கழுத்து நிறைய மாட்டிக்கொண்டு ஒருத்தி சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே இருக்கிறாள், எப்போதுதான் நிறுத்துவாள். நிறுத்தினாள். மேப் வந்தது. ஆறு, வளைவு, இரண்டு திமில். இரண்டும் சிவப்பு. நீலம் கீழே இறங்கி, ஆற்றங்கரையில் ஒரு கோடாக நின்றது.

கடவுளே, சிவப்பு நம்முடையதாக இருக்கட்டும். ஆயுசு முழுக்க யார் யாரையோ திட்டித் திருத்திய நானேதான் கேட்கிறேன், போனில் பேசிய அந்த மேப் பெண் சோம்பேறியாக இருக்கட்டும், என் பேச்சை அவள் காற்றில் விட்டிருக்கட்டும், பட்டாளத்து முறை தெரியாத முட்டாள்கள் அந்த மேப்பை வரைந்திருக்கட்டும். கிரிக்கெட்டில் நம் பையன்கள் நீலச் சட்டைதானே, அதைப் பார்த்தாவது நம்மை நீலம் என்று போட்டிருப்பார்களே. ஐயோ, அதை ஏன் நினைத்தேன், அதை நினைக்காதே. சிவப்புத்தான் நாம். குங்குமம் சிவப்பு, தபால் பெட்டி சிவப்பு, மல்லிகாவின் கூறைப்புடவை சிவப்பு, உடம்புக்குள் ஓடுவது சிவப்பு. உடம்புக்குள் ஓடுவதை நினைக்காதே. குணசீலன் சின்னப் பையனாக இருந்தபோது, நான் லீவில் வரும்போதெல்லாம் அவனை உட்கார வைத்துப் பழைய காலண்டர் முதுகில் மலை வரைவேன், நீலப் பென்சிலும் சிவப்புப் பென்சிலும் அவன் கையில். ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தேன், சிவப்பை அழிக்கலாம், நீலத்தை அழிக்கக் கூடாது. நீலம் வைத்த இடம் வைத்த இடம்தான். ஒருநாள் அவன் ரப்பரை எடுத்து உச்சியில் இருந்த நீலத்தை அழித்தான். ஏன்டா என்றேன். "அங்க நெறைய பேரு வந்துட்டாங்கப்பா, இவுங்க செத்துடுவாங்க, அதான் கீழ கூட்டிக்கினு வந்துட்டேன்" என்றான். ரப்பரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். பட்டாளத்துக்காரன் மகன் இப்படிச் சொல்லலாமா என்று அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் அந்த உச்சியில் திரும்ப நீலம் தீட்டிக்கொண்டு வந்து காட்டினான், பென்சில் முனை ஒடிகிற வரைக்கும் அழுத்தித் தீட்டியிருந்தான். பலே என்றேன். இப்போது அவன் உச்சியில் இருக்கிறான், ரப்பர் கிடையாது, நெறைய பேரு வந்துட்டாங்கப்பா.

ரப்பர் தாளைக் கழற்றினார்கள். குழாயை எடுத்தார்கள். வாய் திரும்பக் கிடைத்தது என்று எழப் போனேன், தோளை அழுத்தி, வாய்க்குள் ஒரு மெல்லிய தாளை வைத்தாள், ஒரு பக்கம் நீலம் மறுபக்கம் சிவப்பு, இங்கேயுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "கடிங்க சார். நல்லா கடிங்க. நீலம் பட்டிருக்கிற எடம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, அதைத் தேய்ச்சுட்டா முடிஞ்சது." தேய், அம்மா, எதை வேண்டுமானாலும் தேய். தேய்த்து முடித்ததும் எழுந்து டிவியைக் காட்டி, சத்தம், சத்தம் வையுங்கள் என்றேன். "ழ்ழ்ஹம், ழ்ழ்ஹம்" என்று வந்தது. எச்சில் மோவாயில் வழிந்தது. "வாய் கொப்புளிக்கணுமா?" என்றாள் நர்சு. அப்போது யுவராணி கதவைத் திறந்தாள், ஒரு கையில் என் கண்ணாடி, ஒரு கையில் போன். முதலில் டிவியைத்தான் பார்த்தாள். அப்புறம் என்னை.

"ஐயோ, இங்கயும் டிவியா" என்றாள். "மாமா, பயப்படாதீங்க. அவரு நல்லா இருக்காரு. காலைலயே எனக்குப் பேசிட்டாரு. கூட இருந்தவங்க அத்தினி பேரும் முழுசா இருக்காங்க. மலைய விட்டுட்டு எறங்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சாம், எறங்கி வந்துட்டாங்க."

ஆக, டிவி மேப் வரைகிற அந்தப் பெண் மாற்றிவிட்டாள். சொன்ன சொல் தவறாமல் மாற்றிவிட்டாள். சிவப்பு எதிரிதான், நீலம் நாம்தான், நான் படித்த மேப் ஒரு எழுத்துப் பிசகாமல் சரி. காலையிலேயே தெரியுமா உனக்கு என்று கண்ணால் கேட்டேன். யுவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு மாமா. மலைய உட்டுட்டு வந்துட்டேன்னு அப்பாகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றதுன்னு அழுதாரு. சண்டை ஆரம்பிச்ச அன்னிக்கே, அப்பா நியூஸ் பாக்காம பாத்துக்கோன்னு சொல்லியிருந்தாரு. அதான் கேபிள நான்தான் நிறுத்தி வெச்சேன். இப்ப மறுபடி கூப்பிட்டாரு, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்கன்னதும், நான் ஒரு வார்த்த பேசறேன்னு லைன்ல நிக்கிறாரு. சீக்கிரம் மாமா, அங்க போனுக்கு வரிசைல ஆளுங்க நிக்கிறாங்களாம்."

போனைக் காதில் வைத்தேன். காற்றுச் சத்தம், அதற்கு நடுவே அவன் மூச்சு.

"அப்பா. பல்லு எப்டி கீது?" என்றான். அப்புறம், "அப்பா, நாங்களா எறங்கலப்பா. ஆர்டர் வந்துச்சு. நெறைய பேரு வந்துட்டாங்க" என்றான்.

நல்லது பண்ணினாய் ராஜா, மலை கிடக்கிறது கழுதை, அது எங்கேயும் ஓடிவிடாது, நீ இறங்கி வந்தாயே அது போதும் என்று சொன்னேன். சொன்னது எனக்குத் தெரியும். வெளியே வந்தது "ஹ்ழா, ஹ்வா" என்று ஏதோ. இன்னொரு தரம் சொன்னேன், இன்னும் கேவலமாக வந்தது. ஆயுசில் அவனுக்கு என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், எல்லாம் கணீரென்று போய்ச் சேர்ந்தது, இதற்கு மட்டும் நாக்கு இல்லை. மரப்பு எப்போது விடும் என்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். சாயங்காலம் ஆயிடும் சார் என்றாள், அவளுக்கு நான் கேட்டது எப்படிப் புரிந்ததோ.

"அப்பா? கோவமா? எதுனா சொல்லுப்பா."

என்னால் தலையாட்டத்தான் முடிகிறது, தலையாட்டுவது அவனுக்கு எப்படித் தெரியும். அழுகை வந்தது, அது வேறு அவனுக்குக் கோபமாகக் கேட்டுத் தொலைக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் யாரோ இந்தியில் சீக்கிரம் முடி என்கிறார்கள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, பேசுகிற ஓட்டையின் மேல் நகத்தால் இரண்டு தரம் தட்டினேன். டக். டக்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. காற்று மட்டும் கேட்டது. பிறகு அங்கிருந்து, கொஞ்சம் தயங்கி, டக் என்று ஒன்று வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று.

"இன்னா மாமா, லைன் போயிடுச்சா?" என்றாள் யுவராணி.

இல்லை என்று தலையாட்டினேன்.